வீரமாமுனிவரும் யாம் விரும்பிய நூலும்

சென்ற ஆண்டு எம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் கூட்டமொன்றில், வீரமாமுனிவர் இயற்றிய நூல்களுள் தமக்கு மிகவும் விருப்பமானது எது என்பதை மாணவர் ஒவ்வொருவரும் எழுந்து கூறவேண்டுமென ஏற்பாடாயிற்று. எமக்கு முன் எழுந்தோர் அனைவரும் தேம்பாவணியின் பெயரையே கூறினர். எம் முறை வந்தது. யாமும் தேம்பாவணி என்று கூறி அமர்ந்தோம். அவையோர் கைதட்டினர். ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் யாம் கூறியது மெய்யன்று. அப்பெருங்காப்பியத்தில் எமக்குப் பாடமாக அமைந்த பகுதியையன்றி வேறொன்றையும் அந்நாளில் யாம் படித்திலோம். கேள்வி எழுந்தபோதே எம் நெஞ்சில் தோன்றிய நூல் வேறு. அதன் பெயரைக் கற்றோர் அவையில் சொல்ல நாணினோம். அந்த நாணம் தகாததென்பதை முனிவரின் வரலாற்றை ஆராய்ந்து கற்ற பின்னரே உணர்ந்தோம். ஆதலின் அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அன்று மறைத்த விடையை இன்று வெளிப்படச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இத்தாலி தேசத்தில் மாந்துவா நகரைச் சார்ந்த காஸ்திலியோனே என்னும் ஊரில், கி.பி. 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இளமையிலேயே துறவு நெறியில் வேட்கை மிக்கவராய், 1698-ஆம் ஆண்டில் இயேசு சபையிற் சேர்ந்தார். இலத்தீன் முதலிய மொழிகளையும் தத்துவ சாஸ்திரத்தையும் வேத சாஸ்திரத்தையும் முறையாகக் கற்றுக் குருப்பட்டம் பெற்றார். தென்னாட்டில் தொண்டுபுரிய விரும்பிக் கப்பலேறி, 1710-ஆம் ஆண்டில் கோவாத் துறையை அடைந்து, மறு ஆண்டில் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. மதுரையில் விசயரங்க சொக்கநாத நாயக்கர் அரசு செலுத்திய காலம் அது.

முப்பது வயதில் ஒரு மொழியின் நெடுங்கணக்கைத் தொடங்குவது எத்துணை அரிது என்பதை, ஆறு வயதில் அதனைத் தொடங்கியும் இன்னும் நன்னூலில் இடறி விழுகின்ற எம்போன்றோர் நன்கறிவோம். நம் நாட்டுச் சிறுவரோடு சிறுவராய் அவரும் அகர முதலாகத் தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயர் என்பார் அவருக்கு ஆசிரியராய் இருந்து இலக்கிய இலக்கணங்களைக் கற்பித்தார் என்று வழிவழியாகக் கூறுவர். தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் நொபிலி நூறாண்டுகட்கு முன் மதுரையில் வகுத்த வழியைப் பின்பற்றி, இவரும் இந்நாட்டுத் துறவியர் போன்றே உடுத்தார், புலாலை நீக்கினார், மக்கள் வழங்கும் மொழியையே தம் மொழியாகக் கொண்டார். தம் பெயரின் பொருளைத் தழுவி முதலில் தைரியநாதர் என வழங்கப்பெற்றார். பின்னர் வீரமாமுனிவர் என்னும் பெயர் நிலைத்தது. பிறந்த நாட்டார் இட்ட பெயரை இந்நாளில் தமிழர் பலர் அறியார். அவருக்குத் தமிழ் தந்த பெயரை அறியாதார் இலர்.

அவர் தொண்டு பெரும்பாலும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் அணித்தான சிற்றூர்களிலேயே நிகழ்ந்தது. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் அவர் எடுத்த திருக்கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று அவரே பெயரிட்டு, அத்தலத்தின்மீது கலம்பகமும் பாடினார். அவரைப்பற்றிச் செவிவழிச் செய்திகள் பல உலவுகின்றன. நவாபு அரசில் திவான் உத்தியோகம் வகித்தார் என்பதும், பல்லக்கேறிச் சென்றார் என்பதும் அவற்றுட் சில. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் இவற்றை ஏற்பதிலர். இக்கதைகளின்றியே அவர் பெருமை நிற்கும் ஆதலின், யாமும் இவற்றை விடுத்து மேற்செல்வோம்.

அவர் நூல்களுள் முதன்மை பெற்றது தேம்பாவணி. கிறிஸ்து பெருமானை வளர்த்த சூசையப்பரை வளன் என்னும் பெயரால் தலைவராகக் கொண்டு, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 விருத்தங்களுமாக விரிந்த பெருங்காப்பியம் அது; 1726-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. யூதேய நாட்டு மலையிலும் ஆற்றிலும் தமிழ்நாட்டு மருதமும் முல்லையும் மணக்கச் செய்த திறம் வியக்கத்தக்கது. இலக்கணத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் ஒருங்கே கூறும் தொன்னூல் விளக்கத்தை அவர் இயற்றினார். அகராதித் துறையிலோ, 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தந்தார். அதற்குமுன் சொற்பொருள் அறிய விரும்புவோர் நிகண்டுச் செய்யுட்களை நெட்டுருச் செய்தல் வேண்டும். செய்யுள் நினைவுக்கு வாராதெனில் பொருளும் வாராது. சொற்களை அகரவரிசையில் நிறுத்திப் பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாக்கிய அந்நூல், பாடம் செய்யாதவனுக்கும் சொற்களஞ்சியத்தின் கதவைத் திறந்துவிட்டது.

எழுத்திலும் அவர் ஆற்றிய உதவி ஒன்று உண்டு. முற்காலத்து ஏடுகளில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுவதே மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என அஞ்சி எழுதுவோர் அதனை விட்டுவிட, குறிலும் நெடிலும் வேறுபாடின்றி மயங்கின. முனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் அமைத்து அம்மயக்கத்தை நீக்கினார். இன்று யாம் ஏடு என்றும் ஓலை என்றும் எழுதும்போதெல்லாம் அவர் கைக்குறிப்பு எம் எழுத்தில் இருக்கின்றது. இவற்றோடு, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்து, வள்ளுவரை மேனாட்டார்க்கு அறிவித்தோருள் முற்பட்டவராகவும் விளங்கினார்.

அவர் வரலாற்றில் மறைக்கலாகாத பகுதியொன்றும் உண்டு. அந்நாளில் தரங்கம்பாடியில் லுத்தர் சபையார் 1706 முதல் தொண்டாற்றி வந்தனர். முனிவர் அவர்களை எதிர்த்து வேத விளக்கம், பேதகமறுத்தல் முதலிய கண்டன நூல்களைக் கடுமையாக எழுதினார். அவர்களும் வாளாவிருந்திலர். கிறிஸ்தவ சபைகள் ஒன்றையொன்று மதித்து நடக்கும் இந்நாளில் அந்நூல்களைப் படிக்கும்போது எமக்கு வருத்தமே உண்டாகின்றது. ஆயினும் அதே வரலாற்றில் இனிய செய்தி ஒன்றையும் காண்கின்றோம். முனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ஆம் ஆண்டில் அச்சேறியது. அச்சிட்டவர் வேறெவருமல்லர், அத்தரங்கம்பாடி அச்சுக்கூடத்தாரே. சமயத்தில் பகைத்தவர் தமிழில் அவரை ஆசிரியராகக் கொண்டனர்.

கொடுந்தமிழ் என்று அவர் பெயரிட்டது மக்கள் நாவில் வழங்கும் பேச்சுத்தமிழை. செந்தமிழ்க்கு இலக்கணம் கூறினார் பலர். சந்தையிலும் வயலிலும் வழங்கும் மொழிக்கும் ஒழுங்கு உண்டு, அதனையும் கற்றல் வேண்டும் என்று கருதி இலக்கணம் வகுத்தவர் அந்நாளில் மிகச் சிலரே. காப்பியம் பாடிய அதே கையால் அவர் இதனையும் எழுதினார். மேனாட்டிலிருந்து புதியராய் வரும் குருமார், பேச்சுத்தமிழை எளிதிற் பயிலும் பொருட்டு ஒரு கதைநூலும் வேண்டுமென எண்ணினார். அவ்வாறு பிறந்ததே பரமார்த்த குருவின் கதை. இதுவே யாம் அவையில் சொல்லாது மறைத்த நூல்.

பரமார்த்த குரு என்னும் பேதைக் குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனச் சீடர் ஐவர். அவர்கள் ஆற்றங்கரையை அடைகின்றனர். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் தீங்கு செய்யும் என அஞ்சிக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கின்றனர். அது சீறவே, ஆறு விழித்திருக்கின்றதென்று பின்வாங்குகின்றனர். பின்னர் அணைந்த அக்கட்டையையே மீண்டும் தோய்க்க, ஓசையின்மையால் ஆறு உறங்கிற்றென்று துணிந்து கடக்கின்றனர். குதிரை வாங்கப் பொருள் போதாமையால் குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காயை விலைக்குக் கொள்கின்றனர். அது விழுந்து உடைய, புதரினின்று ஓடிய முயலைக் குதிரைக் குட்டியென்று துரத்துகின்றனர். வாடகைக்குப் பிடித்த மாட்டின் நிழலில் குரு இளைப்பாற, நிழலுக்கும் வாடகை கேட்டு மாட்டுக்காரன் வழக்கிடுகின்றான். இவ்வாறு எட்டுக் கதைகள். இறுதியில், சோதிடம் ஒன்றை நம்பித் தமக்குச் சாவு வந்ததென்று கலங்கிய குருவைச் சீடரே தம் அறியாமையால் சாகச் செய்துவிடுவதோடு நூல் முடிகின்றது.

இந்நூல் எவரை நோக்கி நகைத்தது என ஆராய்வோர் பலவாறு கூறுவர். எமக்கோ அதன் பயணமே வியப்பளிக்கின்றது. சென்னை அரசாங்க உத்தியோகத்திலிருந்த பெஞ்சமின் பாபிங்டன் என்பார் இதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பொருளோடும் 1822-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் அச்சிட்டார். 1826-ஆம் ஆண்டில் துய்புவா பாதிரியாரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பாரிஸ் நகரில் வெளிவந்தது. ஆங்கில நாட்டில் கோதம் என்னும் ஊர்ப் பேதையரைப்பற்றி வழங்கும் கதைகளிலும், துருக்கியரின் முல்லா நஸ்ருதீன் கதைகளிலும் இத்தகைய மடமைகள் காணப்படும். உலகெங்கும் மக்கள் ஒரே வகையில் பேதையராகின்றனர் போலும்!

இனி, இந்நூலை யாம் முதன்முதல் அறிந்த விதத்தைக் கூறுவோம். புத்தகத்தில் அன்று, இராயபுரத்தில் எம் இல்லத்துத் திண்ணையில். எம் பாட்டனார் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து வாழ்ந்தவர். கன்டெய்னர்கள் வந்து தலைச்சுமை குறைந்த பின்னரும், துறைமுகத்தின் பக்கமாக நடந்துவிட்டு வராமல் அவருக்குப் பொழுது போகாது. எழுத்தறியாதவர், கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரலையே வைப்பார். மாலைதோறும் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வருவார். ஒருநாள் திண்ணையில் பேரக்குழந்தைகள் எத்தனைபேர் உளர் என்று எண்ணிச் சொல்லுமாறு எம்மைப் பணித்தார். யாம் விரல் நீட்டி எண்ணி ஆறு என்றோம். அவர் கடலையை ஆறு கூறாக்கிக் கொடுத்தார். எல்லார் கையிலும் கடலை இருக்க எம் கை மட்டும் வெறுமையாயிற்று. யாம் அழத் தொடங்கினோம். ஆயா என்று யாம் அழைக்கும் பாட்டியாரும் சிரித்துவிட்டார். அப்பொழுதுதான் பாட்டனார் எம்மை மடியில் இருத்தி, ஆற்றைக் கடந்த சீடர் கதையைச் சொன்னார்.

அக்கதை இது. கரையேறிய சீடருள் ஒருவன் தலைகளை எண்ணுகின்றான். குருவும் சீடருமாக அறுவர் இருக்கவேண்டும், ஐவரே உளர். ஏனெனில் எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டான். மற்றவனும் எண்ணுகின்றான்; அவனும் அவ்வாறே. ஒருவனை ஆறு விழுங்கிற்றென்று அனைவரும் ஓலமிடுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் வந்து, கூலி பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் அடி வைத்து அவரவரை எண்ணச் செய்ய, அறுவரும் கிடைத்துவிடுகின்றனர். பாட்டனார் இதனைச் சொல்லி எம் முதுகிலும் மெல்லத் தட்டி ஏழு என்று சொல்வித்தார். தமக்கென வைத்திருந்த கடலையை எம் கையில் இட்டார். கூட்டுவேலையில் கூலி பங்கிடும்போது மேஸ்திரி தன்னை எண்ண மறந்தால் அன்றிரவு அவன் வீட்டில் உலை ஏறாது என்றும் சொல்லிச் சிரித்தார். வீரமாமுனிவர் என்னும் பெயரை அவர் அறிந்ததில்லை. அக்கதையை அவருக்குச் சொன்னவரும் அறிந்திருப்பாரோ, இலரோ! இரு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு கதை, எழுதியவர் பெயரையும் உதறிவிட்டு, துறைமுகத் தொழிலாளி ஒருவர் வாய்வரை வந்து சேர்ந்தது.

எம் நாணத்தின் காரணம் இப்பொழுது விளங்கும். எம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் யாமே. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் அமர்ந்தபின், திண்ணைக் கதையொன்றை விருப்பநூல் என்று கூறினால் எம் பிறப்பிடமும் பாட்டனாரின் சுமைத்துண்டும் அவையில் வெளிப்பட்டுவிடும் என அஞ்சினோம். மன்றக் கூட்டம் நிகழ்ந்ததற்குச் சில திங்கள் முன்னரே அவர் இறைவனடி சேர்ந்திருந்தார். அவர் தந்த நூலை மறைத்தோம் என்பதே அன்றிரவு எம் உறக்கத்தைக் கெடுத்தது. விருப்பநூல் கூறியவர்களையெல்லாம் கவனமாக எண்ணி, எம்மை மட்டும் எண்ணாமல் விட்டோம். அச்சீடருக்கும் எமக்கும் என்ன வேற்றுமை?

நூலை மீண்டும் படித்தபோது ஒன்றைக் கண்டோம். எண்ணத் தவறியவர் சீடர் மட்டுமல்லர். குருவுமே அவ்வாறு தவறுகின்றார். குதிரைமேற் செல்லும்போது தலைப்பாகை விழ, ஏவாமையால் சீடர் எடுத்திலர். விழுவனவெல்லாம் எடுக்க என்று ஏவினால், குதிரைச் சாணத்தையும் எடுத்து வருகின்றனர். ஆகவே எடுக்கத்தக்க பொருள்களையெல்லாம் குரு ஓலையில் வரிசையாக எழுதித் தருகின்றார். பின்னர்க் குருவே குழியில் விழுகின்றார். ஓலையில் குருவின் பெயர் இல்லாமையால் சீடர் அவரைத் தூக்க மறுக்கின்றனர்! தாமும் விழக்கூடியவர் என்பதை அக்குரு எண்ணிலர். கற்பிப்போனுக்கு நேரக்கூடிய பெரும்பிழை இதுவன்றோ?

இதனை எழுதியவரும் ஒரு குருவே. எவர் படிக்க எழுதினாரோ அவரும் குருவாக இருந்தோர் அல்லது ஆகப்போவோர். கடல் கடந்து வந்து பிறர்க்கு வழிகாட்டப் புறப்படும் இளங்குருவின் கையில், வழி தெரியாத குருவின் கதையை அவர் பாடநூலாக வைத்தார். மொழி பயிலும் அளவிலேயே தன்னை நகைக்கவும் அவர்கள் பயின்றிருப்பர். கண்டன நூல்களில் அவர் பிறரை மட்டுமே எண்ணினார். இந்நூலில் தம் இனத்தாரையும் எண்ணிக்கையிற் சேர்த்தார் என்று யாம் கொள்ளுகின்றோம். அதனாலேயே அக்கண்டனங்கள் ஆராய்ச்சியாளர் அலமாரியில் உறங்க, இக்கதை திண்ணையில் விழித்திருக்கின்றது.

தேம்பாவணியினும் இது சிறந்ததோ என்று நண்பர் வினவக்கூடும். அவ்வாறு யாம் கூறவில்லை. இப்பொழுது அக்காப்பியத்தை முதற் காண்டம் முடியப் படித்திருக்கின்றோம். எஞ்சியதையும் படித்து முடிப்போம். மலையின் உயரத்தை மறுப்பார் யார்? ஆயினும் உயர்ந்தது வேறு, உவந்தது வேறு. மலையுச்சியிற் பாடவல்லவர் ஊர்க்கிணற்றடிக்கு இறங்கிவந்து, தண்ணீர்க்குடத்தோடு நிற்பவர் மொழியில் ஒரு கதை சொன்னார். அவ்விறக்கத்தையே யாம் மிகவும் விரும்புகின்றோம்.

முனிவர் தம் இறுதிக் காலத்தில் தென்கடற்கரைப் பகுதியிலும் பின்னர் மலையாள நாட்டு அம்பலக்காட்டிலும் தங்கி, 1747-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். தாய்நாட்டை அவர் மீண்டும் கண்டிலர். 1968-ஆம் ஆண்டில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபோது, மெரினாக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர்க்கு நிறுவப்பட்ட சிலைகளுள் அவர் சிலையும் ஒன்று.

அண்மையில் ஒருநாள் மாலை, இராயபுரத்தினின்று துறைமுக மதிலோரமாகச் சென்று அச்சிலையின் முன் நின்றோம். எம்முடன் வந்த சிற்றப்பாவின் மகன், எட்டு வயதினன், இவர் யார் என்று வினவினான். பெருங்காப்பியம் இயற்றியவர், அகராதி வகுத்தவர் என்று தொடங்க நினைத்து நிறுத்திக்கொண்டோம். குதிரை முட்டைக் கதையை எழுதியவர் என்றோம். அவன் முகம் மலர்ந்தது. தாத்தா சொன்ன கதையா என்று கேட்டான். ஆம் என்றோம். தமிழ் மன்றத்தில் கூறாத விடையை அச்சிறுவனிடம் முதலிற் கூறினோம். இப்பொழுது நும் அனைவர்க்கும் கூறினோம். எம்மையும் சேர்த்து எண்ணிக்கொள்க.